கோல் கம்பத்தருகே கஸ்பார்

ஜூலை 8, திங்கள்

தூக்கத்தில் பேசுவதைவிட எழுதுவது மேல் என்று ஜெசிந்தா வாங்கிக் கொடுத்த டைரி இது. ஜவுளிக்கடையில் இலவசமாகக் கொடுத்தது. வாங்கிக் கொடுத்தது என்பது என் மனைவியின் கணக்கு. ஆறு மாதம் சும்மா கிடந்தது, இன்றைக்கு எடுத்திருக்கிறேன்.

விடைத்தாள் ஒரு கட்டு பாக்கி. மேற்குத் தொடர்ச்சி மலை எங்கே உள்ளது என்ற கேள்விக்கு ஒருவன் 'மேற்கே' என்று எழுதியிருக்கிறான். தப்பென்று சொல்ல முடியவில்லை, அரை மதிப்பெண் போட்டேன்.

மதியம் தலைமையாசிரியை சிஸ்டர் தெயோபிலா கூப்பிட்டு அனுப்பினார். விளையாட்டு டீச்சர் பிரசவ விடுப்பில் போகிறாராம். குறுவட்டப் போட்டி வரை பெண்கள் கால்பந்து அணியை நான் பார்த்துக்கொள்ள வேண்டுமாம்.

"சிஸ்டர், நான் புவியியல் வாத்தியார்."

"கல்கத்தாவுல மூணு சீசன் ஆடுன ஆளு, புவியியல் வாத்தியாராம். நல்லா இருக்கு சார் கதை."

"முட்டி சரியில்ல சிஸ்டர்."

"முட்டிக்கும் விசிலுக்கும் என்ன சம்பந்தம்?"

பதினைந்து வருடமாக இந்தப் பள்ளிக்கூட மைதானத்தைச் சுற்றிக்கொண்டுதான் வகுப்புக்குப் போகிறேன், குறுக்கே நடந்ததில்லை. அதை அவரிடம் சொல்ல முடியுமா? சரி என்று சொல்லிவிட்டேன்.

ஜூலை 9, செவ்வாய்

பிள்ளைகள் பரவாயில்லை. பந்து எங்கே போகிறதோ அங்கே எல்லோரும் ஓடுகிறார்கள், கோழிக்குஞ்சுக்குத் தவிடு போட்டது மாதிரி. ஒருத்தி மட்டும் ஓடவில்லை. பந்து வரப்போகிற இடத்தில் முன்கூட்டியே போய் நின்றாள்.

கார்னர் எடுக்கும்போது அவள் செய்ததைப் பார்த்தேன். சிலுவை போட்டாள். குனிந்து இடது கால் சாக்ஸை இழுத்துவிட்டாள். வலது காலைத் தொடவில்லை. பிறகு எழும்பினாள்.

விசில் என் வாயிலேயே இருந்தது, ஊதவில்லை. வருகைப்பதிவேட்டில் பார்த்தேன். க. அக்சிலியா, பதினொன்றாம் வகுப்பு, இந்த வருடம்தான் புதிதாகச் சேர்ந்திருக்கிறாள். ஊர்ப்பெயரையும் பார்த்தேன். அப்பா பெயரைப் பார்க்க வேண்டியிருக்கவில்லை.

ஜூலை 10, புதன்

மோட்டார் பழுது. மேல் தொட்டிக்குத் தண்ணீர் ஏறவில்லை.

ஜூலை 12, வெள்ளி

எழுதிவிடுகிறேன். ஒரே மூச்சில் எழுதினால்தான் உண்டு.

எங்கள் கடற்கரையில் அந்தோணியார் திருவிழாவுக்குக் கோப்பை உண்டு. ஊருக்கும் ஊருக்கும் ஆட்டம். கோவாவில் ஆடினாலும் கல்கத்தாவில் ஆடினாலும் ஜூன் மாதம் வந்து சொந்த ஊருக்கு ஆடியே ஆக வேண்டும். ஆடாதவன் வீட்டுக் கல்யாணத்துக்கு ஊர் வராது. கிளப்புக்காரர்களுக்குத் தெரிந்தால் காலை உடைப்பார்கள், அதனால் அவர்களிடம் சொல்ல மாட்டோம்.

2007. இறுதி ஆட்டம். எதிரணியில் அடுத்த ஊர் கஸ்பார். என்னைவிட இரண்டு வயது இளையவன். அவனும் கோவாவுக்குத் தேர்வாகியிருந்தான், அடுத்த மாதம் கிளம்ப வேண்டும். கார்னரில் நானும் அவனும் எழும்பினோம். என் முழங்கை அவன் தாடையில் பட்டது. விழுந்தான். கை கால் இழுத்தது. வலிப்பு, வலிப்பு என்று கத்தினார்கள். எங்கள் பக்கம் வலிப்பு வந்தவன் கையில் இரும்பைக் கொடுப்பது வழக்கம். ஆளாளுக்குச் சாவியை உருவிக்கொண்டு ஓடி வந்தார்கள். வீட்டுச் சாவி, பைக் சாவி, கடைசியில் உபதேசியார் கொண்டுவந்த கோயில் சாவி. அவன் விரல்களை மடக்கி அதைப் பிடித்துக்கொண்டு எல்லோரும் காத்திருந்தோம். இழுப்பு நின்றது. 'அடங்கிட்டு, அடங்கிட்டு' என்று சந்தோஷப்பட்டார்கள். மூச்சும் நின்றதை யாரும் கவனிக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் போஸ்ட்மார்ட்டம் வேண்டாம் என்று அவன் ஊர்ப் பெரியவர்கள் கெஞ்சினார்கள். கீறித் தைத்த உடம்பைப் பெட்டியில் வைத்துப் பார்க்க அவர்களுக்கு மனசில்லை. விளையாட்டில் நடந்தது, கேஸ் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தார்கள். அந்த மட்டும் நான் ஜெயிலுக்குப் போகவில்லை.

அடக்கத்துக்குப் போனேன். கல்லறைத் தோட்ட வாசலில் அவன் மனைவி சகாயராணி மண்ணை வாரித் தூற்றினாள். அப்போது அவள் முழுகாமல் இருந்தாள் என்று பிறகுதான் தெரிந்தது.

அடுத்த சீசனுக்குக் கல்கத்தா போனேன். பந்து தலைக்கு வந்தால் குனிந்தேன். தலைக்கு வரும் பந்துக்குக் குனிகிற டிஃபென்டரை எந்தக் கிளப் வைத்துக்கொள்ளும்? பொங்கலுக்கு முன்னாலேயே டிக்கெட் எடுத்துக் கொடுத்துவிட்டார்கள். கிளப் கூடாரத்துக் கேன்டீனில் சுடச்சுடக் கோழி ஸ்டூவும் டோஸ்ட்டும் கிடைக்கும். கல்கத்தாவை விட்டு வந்தபின் நான் ஏங்கியது அதற்கு மட்டும்தான். ஊருக்கு வந்து பி.எட். சேர்ந்தேன்.

இவ்வளவுதான்.

ஜூலை 17, புதன்

கஸ்பார் வந்திருந்தான். வடக்குக் கோல் கம்பத்தருகே, இறுதி ஆட்டத்தில் போட்டிருந்த அதே நீலச் சட்டையோடு நின்றான். வழக்கமாக வீட்டுப் பக்கம்தான் வருவான், துணி காயப்போடும் கொடிப் பக்கம். மைதானத்துக்கு வந்தது இதுதான் முதல் தடவை. மகள் ஆடுவதைப் பார்க்க வந்திருப்பான். ஒன்றும் பேசமாட்டான். அவன் இருக்கும்போது நான் அந்தக் கம்பத்தின் பக்கம் போவதில்லை.

தலையால் முட்டும் பயிற்சி தவிர எல்லாம் கொடுக்கிறேன். கார்னரில் எல்லாம் கோட்டை விடுகிறார்கள். அக்சிலியா நேராக வந்து கேட்டாள்.

"ஏன் சார், ஹெட்டிங் மட்டும் சொல்லித் தர மாட்டேங்கிய?"

"சின்னப் பிள்ளைகளுக்கு மூளைக்கு நல்லதில்லன்னு இப்போ சொல்லுதாவ."

"நான் சின்னப் பிள்ளை இல்ல சார். குறுவட்டத்துக்கு மாநிலத் தேர்வாளர் வாராவளாம். விளையாட்டு விடுதியில இடம் கெடைச்சா காலேஜ் ஃப்ரீ, பொறவு போலீஸ்ல வேலை. எனக்கு இது வெளையாட்டு இல்ல."

முகத்துக்கு நேராகப் பேசுகிறாள். அவள் அப்பனுக்குப் பேச்சு வராது.

ஜூலை 19, வெள்ளி

பந்துகளை அறையில் வைத்துப் பூட்டும்போது அவளும் கூட நின்றாள். வலை மூட்டையைப் பிடித்துக்கொண்டே சொன்னாள்.

"சார், நீங்க யாருன்னு எனக்குத் தெரியும்."

நான் பூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எங்க ஊர்ல உங்க பேரச் சொல்லித்தான் பிள்ளையளுக்குச் சோறு ஊட்டுவாவ. 'ரெமி வாரான், வாயத் தொற' அப்பிடின்னு. எனக்கும் அப்பிடித்தான் ஊட்டுனாவ. நீங்க நல்ல உயரமா, மீசை வச்சி, பயங்கரமா இருப்பியன்னு நெனச்சேன்."

"இந்தப் பள்ளிக்கூடத்துல ஏன் சேந்த?"

"உங்களப் பாக்கத்தான். அம்மைக்குத் தெரியாது, நீங்க இங்க இருக்கியன்னு. தெரிஞ்சா டி.சி. வாங்கிருவா."

"பாத்தாச்சா?"

"பாத்தாச்சு. நீங்க விடைத்தாள்ல அரை மார்க் போடுத சாதாரண ஆளு."

அவள் சிரிக்கவில்லை. எனக்குச் சிரிப்பு வந்தது, அது எப்படி வந்ததென்று தெரியவில்லை. வீட்டுக்கு வந்து காபி குடித்தேன், கசந்தது. ஜெசிந்தா சர்க்கரை போட்டேன் என்று சத்தியம் செய்கிறாள்.

ஜூலை 24, புதன்

அக்சிலியா விழுந்தாள்.

இரண்டு பக்கமும் மாறி மாறி ஓடும் பயிற்சி. அவள்தான் முன்னால் ஓடினாள். கோட்டைத் தொட்டாள், நின்றாள், இரண்டு எட்டு நடந்தாள், அப்படியே முகம் குப்புற விழுந்தாள். விரல்கள் வெட்டி இழுத்தன. பிரதீபா என்ற பிள்ளை "சாவி, சாவி" என்று கத்திக்கொண்டே தன் சைக்கிள் சாவியை அவள் கையில் திணித்தாள்.

நான் அதைப் பிடுங்கி வீசினேன். மதில் தாண்டிப் போய் விழுந்தது. நான் என்ன கத்தினேன் என்று எனக்கு ஞாபகமில்லை. பிள்ளைகள் எல்லாம் பின்னால் போய் நின்றுகொண்டார்கள். நெஞ்சில் கை வைப்பதற்குள் அவளே கண் திறந்துவிட்டாள்.

"காலையில சாப்பிடல சார். அதான்."

"முன்ன இப்பிடி வந்திருக்கா?"

"ஒருவாட்டி. அம்மைட்ட சொல்லாதிய."

பிறகு மதிலுக்கு வெளியே கருவேலத்துக்குள் புகுந்து சாவியைத் தேடி எடுத்துக் கொடுத்தேன். கையெல்லாம் முள். கஸ்பார் இன்றைக்குக் கம்பத்தருகே இல்லை. எனக்கு வெகு அருகில் நின்றான்.

ஜூலை 25, வியாழன்

இதய மருத்துவர் நாச்சியார், சிஸ்டருக்குத் தெரிந்தவர். பள்ளி முடிந்ததும் போய்ப் பார்த்தேன். பிள்ளை ஓடி நின்றதும் விழுந்ததைச் சொன்னேன்.

"அவங்க வீட்டுல சின்ன வயசுல திடீர்னு யாராச்சும் இறந்திருக்காங்களா?"

அப்பா என்றேன். எப்படி என்றார். மைதானத்தில், அடிபட்டு என்றேன். எங்கே அடி என்றார். தாடையில் என்றேன்.

"அடிபட்ட உடனே விழுந்தாரா?"

பன்னிரண்டாம் தேதி நான் எழுதியது முழுசாக இல்லை. இப்போது எழுதுகிறேன். கஸ்பார் என் முழங்கை பட்டதும் விழவில்லை. தரையில் கால் ஊன்றி நின்றான். தாடையைத் தடவிக்கொண்டான். என்னைப் பார்த்துச் சிரிக்கக்கூடச் செய்தான். குனிந்து இடது சாக்ஸை இழுத்துவிட்டான். நடந்தான். நாலைந்து எட்டு. அதற்குப் பிறகுதான் விழுந்தான். அந்த நாலைந்து எட்டு எனக்கு எப்போதும் தெரியும். ஆனால் அதைச் சொன்னால் தப்பித்துக்கொள்ளப் பார்க்கிறான் என்பார்கள். அதனால் சொல்லவில்லை, பிறகு நினைப்பதையும் விட்டுவிட்டேன்.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

"தாடையில பட்ட அடி இல்லாம இருக்கலாம் சார். நெஞ்சுத் தசை தடிச்சுப் போற நோய் ஒண்ணு உண்டு. ஓடும்போது திடீர்னு துடிப்பு தாறுமாறாயிடும். பாக்கிறவங்களுக்கு வலிப்பு மாதிரி இருக்கும். அப்பா அம்மாகிட்டருந்து பிள்ளைக்கு வர்றது. அந்தப் பொண்ணை உடனே கூட்டிட்டு வாங்க. அதுவரைக்கும் ஓடவிடாதீங்க."

படியிறங்கும்போது முட்டி வலிக்கவில்லை. பஸ்ஸில் ஏறாமல் வீடு வரை நடந்தே வந்தேன். பிள்ளையைப் பற்றிக் கவலையாக இருந்தது.

ஜூலை 27, சனி

சகாயராணியைப் பார்க்கப் போனேன். அந்த ஊருக்குள் நான் கால் வைத்து எத்தனையோ வருடம். அவள் கருவாட்டுக் களத்தில் வேலை செய்கிறாள். சாளையைப் புரட்டிப் போட்டுக்கொண்டிருந்தவள் என்னைப் பார்த்ததும் நிமிர்ந்தாள். உடனே அடையாளம் தெரிந்துவிட்டது அவளுக்கு. பக்கத்தில் இருந்த பெண்கள் தலைத்துணியை இழுத்துவிட்டுக்கொண்டு ஒதுங்கினார்கள்.

பிள்ளை என் பள்ளியில் படிப்பதைச் சொன்னேன். விழுந்ததைச் சொன்னேன். சோதனை செய்ய வேண்டும் என்றேன். டாக்டர் அவள் அப்பாவைப் பற்றிக் கேட்டதையும் சொன்னேன். சொல்லியிருக்க வேண்டாம்.

"ஓ. அப்பிடி வாரியா? எம்மாப்பிளைக்கு நோய், அதுல செத்தாவ, உம்மேல பழி இல்ல. அதுக்கு எம்பிள்ளைக்கும் நோய் இருக்கணும்."

"அதுக்கில்ல தாயி."

"பின்ன எதுக்கு? இத்தன வருசம் இல்லாத அக்கறை? எம்பிள்ளை பட்டினி கெடந்து விழுந்திருப்பா. நெஞ்சுல நோயுன்னு ஒரு பேரு கெளம்பிட்டா, நாளைக்கு எவன் கெட்டுவான்? நீயா கெட்டிக் குடுப்ப? போயிரு. வாரியல் எடுக்கதுக்கு முன்ன போயிரு."

அவள் கேட்டதில் அநியாயம் ஒன்றும் இல்லை. ஆனால் எனக்குக் கோபம் வந்தது. உண்மை இருக்கிறதென்றால் தெரிந்துகொள்வதில் என்ன தப்பு? பிள்ளையின் உயிர் அல்லவா.

ஜூலை 28, ஞாயிறு

பூசை முடிந்து பெரிய மெழுகுவத்தி ஒன்று வாங்கி ஏற்றினேன். எதற்கு என்று ஜெசிந்தா கேட்டாள். பிள்ளைக்காக என்றேன். வேறு எதற்கு?

ஜூலை 31, புதன்

சிஸ்டரிடம் பேசி ஒரு வழி கண்டுபிடித்தாயிற்று. அணியில் எல்லோருக்கும் இதயச் சோதனை, சான்றிதழ் இல்லாதவர் குறுவட்டத்தில் ஆட முடியாது. இப்படி ஒரு விதி எங்கேயும் கிடையாது. சிஸ்டர் சிலுவை போட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டார். பொய்க்கு ஒரு பாவசங்கீர்த்தனம் வைத்துக்கொள்வாராம்.

ஆடவேண்டும் என்பதற்காக அக்சிலியா, டி.சி. வாங்கக் கிளம்பிய அம்மாவிடம் அழுது சம்மதம் வாங்கி வந்துவிட்டாள். அதற்குப் பதிலாகச் சோதனை முடிந்ததும் நான் ஹெட்டிங் சொல்லிக் கொடுக்க வேண்டுமாம். சரி என்றேன்.

அதுவரை ஓட வேண்டாம் என்று கோல்கீப்பராக நிற்க வைத்திருக்கிறேன். என்னை முறைத்துக்கொண்டே நிற்கிறாள்.

ஆகஸ்ட் 2, வெள்ளி

எல்லோருக்கும் ஈ.சி.ஜி. எடுத்தார்கள். பிள்ளைகளுக்கு ஒரே கும்மாளம். நெஞ்சில் ஒட்டிய பசை போகவில்லை என்று ஒருத்திக்கு ஒருத்தி காட்டிச் சிரிப்பு. டாக்டர் தாள்களை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வந்தார். ஒன்றை மட்டும் தனியே எடுத்து வைத்தார். யாருடையது என்று நான் கேட்கவில்லை.

எக்கோ எடுக்க அடுத்த வெள்ளி வரச் சொன்னார். அம்மாவும் வர வேண்டுமாம்.

ஆகஸ்ட் 3, சனி

கேஸ் சிலிண்டர் வந்தது. கல்வித்துறையின் எமிஸ் செயலியில் வருகை பதிவாகவில்லை என்று மறுபடியும் போன். நன்றாகத் தூங்கினேன்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

ஜெசிந்தா புளி கரைத்துக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல் சொன்னாள்.

"ரெண்டு மூணு நாளா விசிலடிச்சுக்கிட்டே குளிக்கிய."

"அதுக்கென்ன?"

"கெட்டுனதுலருந்து நீங்க விசிலடிச்சு நான் கேட்டதில்ல. ஒண்ணு கேக்கட்டுமா, கோவப்படாதிய. அந்தப் பிள்ளைக்கு ஒண்ணும் இல்லன்னு ரிப்போர்ட் வந்தா உங்களுக்குச் சந்தோசமா இருக்குமா?"

இதென்ன கேள்வி என்று சத்தம் போட்டேன். கூடக்கூட என்னென்னவோ சொன்னேன். அவள் புளிச் சக்கையைப் பிழிந்து வெளியே போட்டாள். சாப்பிடாமல் பள்ளிக்குப் போனேன். முதல் பிரிவேளையில் பருவக்காற்று நடத்தினேன். தென்மேற்கையும் வடகிழக்கையும் மாற்றிச் சொல்லிவிட்டேன், பிள்ளைகள்தான் திருத்தினார்கள்.

சந்தோஷமாக இருக்கும். நிச்சயமாக இருக்கும். எழுதி வைக்கிறேன்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

வெளியே பெஞ்சில் நாங்கள் மூவரும் உட்கார்ந்திருந்தோம். ஒரு முனையில் சகாயராணி, மறுமுனையில் நான், நடுவில் பிள்ளை. சகாயராணி என் பக்கம் திரும்பவே இல்லை. ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்தாள்.

டாக்டர் திரையைத் திருப்பிக் காட்டினார். கறுப்பும் வெளுப்புமாக எதுவோ அடித்துக்கொண்டிருந்தது. இந்தச் சுவர் இவ்வளவுதான் இருக்க வேண்டும், இவளுக்கு இரண்டு பங்கு இருக்கிறது என்றார். மாத்திரை சாப்பிட வேண்டும், வருடா வருடம் பார்க்க வேண்டும், தேவைப்பட்டால் நெஞ்சில் ஒரு கருவி வைக்கலாம், கல்யாணம் செய்யலாம், நெடுநாள் இருக்கலாம் என்றார்.

"ஓடக் கூடாது. வெளையாட்டு வேண்டாம். அவ்வளவுதான்."

அக்சிலியா அந்தத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான்தான் கேட்டேன். ஏன் அந்த நேரத்தில் கேட்டேன்?

"அப்போ இவ அப்பாவுக்கும் இதுதானா டாக்டர்?"

"உடலைப் பாக்காம எழுதிக் குடுக்க முடியாது சார். ஆனா நீங்க சொன்னதை வச்சு, எனக்குச் சந்தேகமில்ல. அந்த அடி காரணமில்ல. நெஞ்சை அமுக்கி விட்டிருந்தா ஒருவேளை பிழைச்சிருப்பார்."

வெளியே வந்தேன். நடைவழிச் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதேன். சின்னப் பிள்ளை மாதிரி, சத்தம் போட்டு. மருந்துக் கவுன்டரில் நின்றவர்கள் ஏதோ சாவு என்று நினைத்து வழி விட்டார்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினால் அக்சிலியா கதவருகே நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ தெரியாது.

ஆகஸ்ட் 10, சனி

கஸ்பார் வரவில்லை. கொடியில் துணி மட்டும் காய்ந்தது. சாயங்காலம் பள்ளிக்கூட மைதானத்துக்கும் போய்ப் பார்த்தேன்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

பூசைக்குக் கிளம்பும் நேரத்தில் சகாயராணி வந்தாள். ஜெசிந்தா நாற்காலி போட்டாள், அவள் தரையில் உட்கார்ந்தாள். நான் எங்கே உட்காருவதென்று தெரியாமல் நின்றேன்.

"அவுக ரெண்டு வாட்டி விழுந்திருக்காவ. கரைவலை இழுக்கும்போ ஒருவாட்டி. கல்யாணம் முடிஞ்ச மாசம் ஒருவாட்டி. மாமியா மந்திரிச்சுக் கயிறு கெட்டுனாவ. நான்தான் வெளிய சொல்லக் கூடாதுன்னேன். வலிப்புக்காரனுக்கா பொண்ணக் குடுத்தோம்னு எங்க அண்ணமாரு சண்டைக்கு வருவாவன்னு பயம். ஆட்டத்துல விழுந்தப்பவும், சாவி குடுங்க, அடங்கிரும்னு முதல்ல கத்துனது நான்தான்."

அது எனக்குத் தெரியாது. சாவி என்று கத்தியது ஒரு பெண்குரல் என்பது ஞாபகமிருக்கிறது. அவ்வளவுதான்.

"பொறவு ஊரு உங்க பேரச் சொல்லிச்சு. நான் சும்மா இருந்தேன். சும்மாவும் இருக்கல. மண்ண வாரித் தூத்துனேன். நீங்க இல்ல. நீங்க இல்லவே இல்ல. என்ன மன்னிச்சுக்கிடுங்க."

கையெடுத்துக் கும்பிட்டாள். மீன் உப்பில் வெடித்த கைகள். இத்தனை வருடமாக நான் கேட்க விரும்பிய ஒரே சொல் அது. தூக்கத்தில் எத்தனையோ தடவை இவள் வாயால் அதைக் கேட்டிருக்கிறேன். இப்போது கேட்டபோது, வேண்டாம், எடுத்துக்கொண்டு போய்விடு, பழையபடி என்னையே திட்டு, பிள்ளை ஓடட்டும் என்று கத்த வேண்டும் போலிருந்தது. இது சத்தியம். ஆனால் வெள்ளிக்கிழமை நான் அப்படி நினைக்கவில்லை, அதுவும் சத்தியம்.

ஜெசிந்தாதான் அவளை எழுப்பி, முகம் கழுவத் தண்ணீர் கொடுத்து, பஸ் நிறுத்தம் வரை கொண்டுபோய் விட்டு வந்தாள். வந்ததும் நேராகச் சமையலறைக்குப் போனாள். நல்லவேளை.

ஆகஸ்ட் 12, திங்கள்

அக்சிலியா வகுப்புக்கு வந்தாள். கேள்வி கேட்டால் எழுந்து நின்று சரியாகப் பதில் சொல்கிறாள். உட்கார் என்று சொல்லும் வரை நிற்கிறாள்.

ஆகஸ்ட் 14, புதன்

குறுவட்டப் போட்டி. அவள் வரமாட்டாள் என்று நினைத்தேன். அணிச் சட்டை போட்டு, பூட்ஸ் கட்டி, எல்லோருக்கும் முன்னால் வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். பூட்ஸ் எதற்கு என்று கேட்க எனக்குத் தைரியமில்லை.

முதல் பாதியில் ஒரு கார்னரில் கோல் வாங்கினோம். தலையால் தட்டிவிட ஆளில்லை. இடைவேளையில் பிள்ளைகள் தண்ணீர் குடிக்கப் போனார்கள். பெஞ்சில் நாங்கள் இருவர் மட்டும் இருந்தோம்.

"சார், நான் ஆடியிருந்தா அந்தப் பந்த எடுத்திருப்பேன்ல?"

"எடுத்திருப்ப."

எதிரே தேர்வாளர்கள் நிழலில் உட்கார்ந்து மோர் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"அன்னைக்கு ஆஸ்பத்திரியில அழுதியள்ல. எனக்காவா அழுதிய?"

விடைத்தாளில் எத்தனையோ பேருக்குச் சுழித்திருக்கிறேன், கேட்டதற்குப் பதில் எழுதவில்லை என்று. கேட்டதற்கே பதில் சொன்னேன்.

"இல்ல. மொதல்ல எனக்காக."

"பொறவு?"

"பொறவுதான் நீ நிக்கிறதப் பாத்தேன்."

அவள் தலையாட்டினாள். கோபப்படுவாள் என்று நினைத்தேன். கோபமில்லை. ஒரு கணக்கு சரியாக வந்ததா என்று பார்க்கிற முகம்.

"பொய் சொல்லுவியன்னு நெனச்சேன் சார். பரவால்ல." பூட்ஸ் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தாள். "ஒண்ணுதான். இத்தன நாளும் எங்கப்பாவக் கொன்ன ஆளு வெளிய இருந்தாரு. அவர வெறுத்துக்கிட்டே நான் பாட்டுக்கு ஓடிக்கிட்டு இருந்தேன். நல்லாத்தான் இருந்துச்சு. இப்பம் அந்த ஆளு எனக்குள்ள இருக்காருல்ல. அவர எப்பிடி சார் வெறுக்கது?"

விசில் ஊதிவிட்டார்கள். பிள்ளைகள் மைதானத்துக்குள் இறங்கிவிட்டு என்னைப் பார்த்து, "சார், யாரு எங்க நிக்க? சார்!" என்று கத்தினார்கள். அக்சிலியா பூட்ஸை ஜோடியாகச் சேர்த்து பெஞ்சுக்கு அடியில் தள்ளிவிட்டு, என் பதிலுக்காக உட்கார்ந்திருந்தாள்.